காலடியில் மண் உள்ள துருவம்

கார்த்திகை பிறந்ததும் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து முதலில் இறங்குவது அகல்விளக்குப் பெட்டி அல்ல, என் வீட்டுக்காரரின் குரங்குக் குல்லா. எங்கள் பக்கத்துக் குளிரைக் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வருஷம் முழுக்க வெயிலில் வெந்துவிட்டு, மார்கழியை ஒட்டி விடிகாலையில் மட்டும் கொஞ்சம் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். அதற்கே இவர் காதை மூடி, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தால் கண் மட்டும்தான் வெளியே தெரியும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர், "என்னண்ணே, இமயமலைக்குக் கிளம்பிட்டீகளா?" என்று கேட்பார். இவரால் பதில் சொல்ல முடியாது, தும்மிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் துருவத்தில் வேலை கிடைத்தது.

இவர் ஜெனரேட்டர் மெக்கானிக். கல்யாண மண்டபம், நூல் மில், விசைத்தறிக் கூடம் என்று எங்கே டீசல் என்ஜின் இருமினாலும் இவருக்குத்தான் போன் வரும். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் உள்ள எங்கள் கிராமத்திலிருந்து காலையில் ஒரே பைக்கில் வருவோம், சாயங்காலம் ஒரே பைக்கில் திரும்புவோம். ஒருநாள் நான் கடையைப் பூட்டும்வரை பொழுது போகாமல் இவர் என் கம்ப்யூட்டரை மேய்ந்துகொண்டிருந்தார். துருவத்து ஆராய்ச்சி நிலையங்களில் ஜெனரேட்டர் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு விளம்பரம். "போட்டுப் பாப்பமா?" என்றார். விண்ணப்பத்தை என் கையாலேயே தட்டிக் கொடுத்தேன். கிடைக்கவா போகிறது என்ற தைரியம்தான்.

கிடைத்துவிட்டது. டெல்லிக்குப் போய்ப் பரீட்சை மாதிரி ஒன்று எழுதினார், என்ஜினைப் பிரித்துப் பூட்டிக் காட்டினார், உடம்பைத் தலைகீழாகச் சோதித்தார்கள். மார்கழியில் மெயில் வந்தது. வேலை உண்டு, ஆனால் இரண்டு இடம், எது வேண்டும் என்று நாமே சொல்லவேண்டும். வட துருவத்து நிலையம் என்றால் அங்கே கோடைகாலத்தில் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம். தென் துருவத்து நிலையம் என்றால் ஒரு வருஷத்துக்கும் மேலே. நடுவில் குளிர்காலம் வந்துவிட்டால் கப்பலும் கிடையாது, விமானமும் கிடையாது. அம்மா செத்தாலும் ஆட்டுக்குட்டி செத்தாலும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

எனக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை. "வடக்கே போங்க. ஆவணி முகூர்த்தத்துக்குள்ள வந்துரலாம்" என்றேன். இவர் தலையை ஆட்டினார். "தெக்கதாம்மா வேலை. அங்க குளிர்காலத்துல ஜெனரேட்டர் நின்னா அம்புட்டுப் பேரும் வெறச்சுப் போவாக. அப்பிடி ஒரு என்ஜினைப் பாத்துக்கிடணும்ல?" என்றார். கண்ணில் ஒரு மினுமினுப்பு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட என்னைப் பார்த்து அப்படி மினுங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதையும் சொல்லிச் சண்டை போட்டேன்.

கடைசியில், "அப்பா என்ன சொல்றாகளோ அதுதான்" என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். எங்கள் வீட்டில் மாமனார் கையால் திருநீறு வாங்காமல் யாரும் வாசல் தாண்டுவதில்லை. மதுரைக்கு உதிரிபாகம் வாங்கப் போனாலும் அவர் பூசிவிடவேண்டும். துருவத்துக்குப் போகிறவனுக்கு அவர் மாட்டேன் என்றால் போக்கே கிடையாது.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பருத்தியும் குதிரைவாலியும் உளுந்தும் போடுகிற மானாவாரி விவசாயி. மண்ணை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து இன்றைக்கு விதைக்கலாமா வேண்டாமா என்பார், ஊரே கேட்கும். மழைக்காக ஏங்குகிற மனுஷர், ஆனால் நிற்கிற தண்ணீர் என்றால் மட்டும் ஓர் எட்டு தள்ளித்தான் நிற்பார். அவருடைய தம்பி பள்ளிக்கூடம் போகிற வயசில், கண்மாய் நிறைந்த ஒரு வருஷம், மண் அள்ளிய பள்ளம் இருப்பது தெரியாமல் இறங்கினார். மேலே வரவில்லை. அன்றிலிருந்து மாமா கண்மாய்க்குள் கால் வைத்ததில்லை. மடை திறப்பதைக்கூடக் கரை மேலிருந்தபடியே சொல்வார். குளியல் பம்ப்செட்டில். வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னோம். மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"வடக்கயா? வாடக்காத்து கிளம்புற எடத்துக்கே போயி நிக்கணுங்கிறீகளா? இவன் இங்கன அடிக்கிற வாடைக்கே மூக்கை உறிஞ்சிக்கிட்டுத் திரியிறான்!"

"அப்பா, தெக்கயும் இருக்கு" என்றார் இவர், குல்லாவுக்குள்ளிருந்து.

"தெக்கன்னா சரி. தென்றலு பொறக்குற தெசை. உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. தெக்கயே போ."

தீர்ந்தது விவகாரம். மறுபடியும் பிசைய ஆரம்பித்துவிட்டார். மறுநாள் ஊரிலும் அதே பேச்சுதான். வாடை வடக்கிலிருந்து வந்து எலும்பைக் குத்துகிறது, தென்றல் தெற்கிலிருந்து வந்து உடம்பைத் தடவுகிறது. வடக்கே காஷ்மீர் குளிர், தெற்கே தூத்துக்குடி வெக்கை. அப்படியே தெற்கே தெற்கே போய்க்கொண்டிருந்தால் எங்கேயாவது போர்வை தேவைப்படுமா என்ன? காற்றைப் பார்த்தே விதைக்கிற ஊர்க்காரர்களிடம் காற்றைப் பற்றி யார் தர்க்கம் பண்ணுவது? "தெக்க போறவனுக்கு எதுக்குக் கம்பளி, ஒரு துண்டு போதும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. கடைக்கு வந்து இரண்டு பேருடைய ஆதார் அட்டையைத் தலைகீழாக ஜெராக்ஸ் போட்டுவிட்டேன். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் துருவங்களைப் பற்றிப் புராஜெக்ட் அடித்துக் கொடுக்கிறேன். எல்லாவற்றிலும் பனிக்கரடிக்குப் பக்கத்திலேயே பென்குயினையும் நானே ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஜென்மத்தில் ஒன்றையொன்று பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் படித்தேன். கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. எந்த டீச்சரும் அதற்கு மார்க் குறைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமா சொன்னது அப்படியே தலைகீழ். தெற்குதான் பல மடங்கு கொடுமை. வட துருவத்தில் கோடையில் ஐஸ் உருகித் தண்ணீர் தேங்குமாம். தென் துருவத்தின் நடுவில் கோடையிலும் உருகுகிற அளவுக்குச் சூடு வருவதில்லையாம். ஏன் என்ற காரணங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். வழக்கு ஜெயிக்கவேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் வழக்கு மறந்துபோய், காரணம் புரிகிற ருசியிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைக்கு வந்தவர் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மாமாவைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் வைத்துச் சொன்னால் வார்த்தையாகத்தான் இருக்கும், அங்கே வைத்துச் சொன்னால் அவரே பார்த்துக்கொள்வார் என்று கணக்கு. அந்த வருஷம் நல்ல மழை, கண்மாய் நிறைந்து கிடந்தது. இவரும் எங்கள் பின்னாலேயே குல்லாவும் மப்ளருமாக வந்தார், தன் தலையெழுத்து தனக்குத் தெரியாமல் நிச்சயிக்கப்பட்டுவிடக் கூடாது என்று.

தண்ணீர் மேல் ஆவி மெல்லியதாக மிதந்துகொண்டிருந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கி, கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றேன். மாமா கரை மேலேயே நின்றார்.

"தண்ணி எப்பிடி இருக்கு சொல்லுங்க மாமா, பாப்போம்."

"மார்கழியில விடியக்காலம் கண்மாத் தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கும். இதக் காட்டவா தூக்கத்துல எழுப்பிக் கூட்டியாந்தே?"

"நீங்க நிக்கிற கரை?"

"பாதம் ரெண்டும் சில்லிட்டுப் போச்சு."

"அம்புட்டுத்தான் மாமா. நான் நிக்கிறது வட துருவம். நீங்க நிக்கிறது தென் துருவம்."

மாமா திரும்பி மகனைப் பார்த்தார், இவளுக்கு என்ன ஆச்சு என்பதுபோல. இவர் தும்மினார்.

நான் விடவில்லை. வடக்கே தரையே கிடையாது, பெரிய கடல்தான், அதன் மேல் ஐஸ் ஆடை மாதிரி படிந்திருக்கிறது என்று சொன்னேன். பாலில் ஆடை படிவது அவருக்குத் தெரியும். "மேல எம்புட்டுக் குளிரு அடிச்சாலும் கீழ தண்ணி தண்ணியாத்தான் கெடக்கும் மாமா. கடல்தண்ணி ஓரளவுக்கு மேல குளிராது. கோடையில குடிச்ச வெயில வச்சிருந்து, குளிர்காலத்துல அந்த ஐஸு வழியாக் கொஞ்சங் கொஞ்சமாக் கசிய விட்டுக்கிட்டே இருக்கும். இந்தா இந்தக் கண்மாய் விடுற மாதிரி."

"தெக்க?"

"தெக்க கரை. மண்ணு, பாறை, மலை. அதுக்கு மேல ஐஸு குமிஞ்சு கொடைக்கானலு உசரத்துக்கு நிக்கிது. மண்ணு சட்டுனு குளிர்ந்துரும், வச்சிருந்து குடுக்காது. போதாக்குறைக்கு உசரம் வேற. வத்தலக்குண்டுல வேர்க்குது, மேல ஏறுனா கொடைக்கானலு ஏன் குளிருது? உசரந்தான்?"

"அதுஞ்சரிதான்" என்றார் மாமா. ஒரு கல்யாணத்துக்குக் கொடைக்கானல் போய்விட்டு வந்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவர் அவர்.

"நம்ம மொட்டை மாடியில வெள்ளை அடிச்சமே மாமா, கீழ வீடு குளுகுளுன்னு ஆச்சுல்ல? அது மாதிரி தெக்க கண்ணுக்கு எட்டுன மட்டும் வெள்ளை. அடிக்கிற வெயில அப்பிடியே மேல திருப்பி விட்டுருது. வடக்கயும் வெள்ளைதான், ஆனா கோடையில ஐஸு விலகுன எடத்துல கடலு கறுப்பாத் தெரியும். அது வெயிலக் குடிச்சுக்கிடும்."

மாமா இப்போது கரையில் உட்கார்ந்துவிட்டார். கேள்வி கேட்கிற முகம் வந்துவிட்டது. "கண்மாய்க்கு வரத்துக்கால் உண்டுல்ல, அது மாதிரி வெளிய இருந்து சூட்டுத்தண்ணி உள்ள போகாதா?" என்றார். எனக்குக் கையைத் தட்டவேண்டும்போல் இருந்தது. நான் சொல்ல வைத்திருந்த கடைசி விஷயத்தை அவரே கேட்டுவிட்டார்.

"வடக்க போகுது மாமா. வெக்கையான கடல்ல இருந்து ஒரு நீரோட்டம், நீங்க சொல்ற வரத்துக்கால் மாதிரியே, சூட்டக் கொண்டுபோயிச் சேக்குது. தெக்கதான் வரத்து அடைச்சுக் கெடக்கு. அந்த நெலத்தச் சுத்தி கடலும் காத்தும் ஓயாம வட்டம் அடிக்கிது. மறிக்கிறதுக்கு நடுவுல ஒரு நாடு கெடையாது. வேலி போட்ட மாதிரி. வெளிய உள்ள வெதுவெதுப்பு உள்ள போகவே முடியாது."

"அப்ப தென்றலு?"

"அது நம்ம பக்கத்துக் கடல்லருந்து வருது மாமா. அங்கிட்டு இருந்து வரணும்னா நடுவுல வேகுற தேசத்த எல்லாம் தாண்டணும்ல? வாடையும் அப்பிடித்தான், வட துருவத்துல இருந்து ஒண்ணும் நடந்து வரல."

மாமா ஆகாயத்தைப் பார்த்தார். அந்த வயசு வரைக்கும் நம்பிய ஒன்றை விடுவது எனக்கானால் முடியுமா தெரியாது. அவர் ஒரு பீடி பற்ற வைக்கிற நேரத்தில் விட்டுவிட்டார். "அப்ப ரெண்டுலயும் தெக்கதான் குளிரு சாஸ்தி."

"ஆமா மாமா!"

ஜெயித்துவிட்டேன் என்று இவரைப் பார்த்தேன். குல்லாவுக்குள் முகம் தொங்கிப் போயிருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. போகட்டும், ஆவணிக்குள் வந்துவிடுவார், பிள்ளைகளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாமா எழுந்திருக்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் இருந்த என் காலை.

"ஏத்தா, வடக்க இவன் காலு வைக்கிற எடத்துல, அந்த ஆடைக்குக் கீழ கடலுன்ன?"

"ஆமா மாமா."

"எம்புட்டு ஆழம்?"

"ஆழந்தான்."

"காலு எறங்குனா மண்ணு தட்டாதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கண்மாய்க்குள்ளேயே நின்றுகொண்டு கத்தியிருக்கிறேன். அவசர அவசரமாக, "இல்ல மாமா, வடக்க உள்ள நிலையமும் ஐஸு மேல இல்ல, ஒரு தீவுலதான் இருக்கு, நல்ல கெட்டித் தரை" என்றேன். அது உண்மைதான்.

"தீவுன்னா சுத்தித் தண்ணிதான?"

"தெக்கயும் சுத்தித் தண்ணிதான் மாமா!"

"அது பெரிய நெலமுன்னு நீதான சொன்ன? மலை உண்டு, பாறை உண்டுன்னு." அடுத்ததாக, "மழை?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது. "மழை கெடையாது மாமா. பனி பேயுறதே கொஞ்சந்தான். பாலைவனக் கணக்குலதான் அதையும் சேத்துருக்காக."

மாமா சிரித்துவிட்டார். வாய் நிறைய, வெற்றிலைக் காவி தெரிய. "மழை பேயாத நெலமா? அப்ப நம்ம ஊருதான்! இங்கன பொழைச்சவன் அங்கனயும் பொழைச்சுக்கிருவான்" என்று மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு சிரிப்பு நின்றது. கண்மாயின் கிழக்கு மூலையை ஒருமுறை பார்த்தார், அந்தப் பள்ளம் இருந்த மூலையை.

"தெக்கயே போகட்டும்த்தா. குளிருக்குக் குல்லா இருக்கு. தண்ணிக்கு என்ன இருக்கு?"

அதற்கு மேல் நான் என்ன வாதாடுவது? தெற்கு ஏன் அவ்வளவு குளிர் என்பதற்கு நான் சொன்ன முதல் காரணமே காலுக்குக் கீழே மண் இருக்கிறது என்பதுதான். அந்த மனுஷருக்கு மகன் எங்கே இருந்தாலும் வேண்டியது அது ஒன்றுதான். நான் ஈரக்காலோடு வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்குச் சமையலில் பாத்திரம் எல்லாம் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது. கொல்லைப்புறத்தில் போய் அழுதேன். அழுகையில் பாதி கோபம், பாதி எனக்கே சொல்லத் தெரியாதது. இவர் பின்னாலேயே வந்து, "நல்லா வெவரமாச் சொன்னம்மா, எனக்கே இப்பத்தான் புரிஞ்சது" என்றார். கையில் இருந்த செம்பை எறிந்தேன், படவில்லை.

அதன்பிறகு வருஷம் ஓடியதே தெரியவில்லை. பனிமலையில் பயிற்சிக்குப் போய் மூக்கு உரிந்து திரும்பி வந்தார். ஐப்பசியில் கிளம்பவேண்டும் என்று சொன்னார்கள். டிக்கெட் வியாழக்கிழமைக்கு. வியாழக்கிழமை தெற்கே சூலம் என்று காலண்டரில் போட்டிருக்கிறதே என்று என் மாமியார் ஆரம்பித்தார். "இங்கேருந்து மதுரைக்குத்தான் முதல்ல போறாக அத்தை, மதுரை நமக்கு வடக்க" என்றேன். அதெல்லாம் செல்லாது, போய்ச் சேருகிற இடம்தான் கணக்கு என்று சொல்லி, பரிகாரத்துக்கு இவர் உச்சியில் அரைக் குப்பி நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்துவிட்டார். அத்தையின் அடுத்த கவலை, வடக்கே தலைவைத்துப் படுத்துவிடக் கூடாது என்பது. சரியாகத் துருவப் புள்ளியில் படுத்தால் எந்தப் பக்கம் தலை வைத்தாலும் வடக்குதான் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். இவர் இருக்கப்போவது ஓரத்தில், அங்கே தெற்கு என்று ஒரு திசை தாராளமாக இருக்கிறது என்று சத்தியம் செய்து அத்தையைத் தேற்ற ஒரு மணி நேரம் ஆனது.

மாமா மட்டும் புஞ்சைக்குப் போய், ஒரு துணியில் கரிசல் மண்ணை முடிந்து கொண்டுவந்தார். மகனுடைய பையில் வைக்கப் போனார். இவர் தயங்கித் தயங்கி, அங்கே வெளி மண் ஒரு சிட்டிகை கூடப் போகக்கூடாதாம், பூட்ஸ் அடியில் ஒட்டியிருந்தால்கூடச் சுரண்டிக் கழுவச் சொல்வார்களாம், விதை, புழு, கிருமி எதுவும் போய்விடக் கூடாது என்று விதியாம் என்றார். மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். முடிச்சை அவிழ்த்து மண்ணை வேப்பமரத்தடியில் கொட்டினார். "மண்ணுக்கு அம்புட்டு மரியாதை குடுக்குற எடம்னா சரியான எடந்தான்" என்றார். பிறகு திருநீற்றைப் பூசிவிட்டார். நெற்றியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்ததால் திருநீறு குழைந்து சந்தனம் மாதிரி ஆகிவிட்டது.

முதல் வீடியோ கால் மார்கழியில் வந்தது. நாங்கள் எல்லாரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அங்கே ஜெகஜோதியாக வெயில். நமக்குக் குளிர்காலம் என்றால் அவர்களுக்குக் கோடை, அதுவும் சூரியன் மறையாத கோடை. இவர் தலையில் குல்லா இல்லை. "தும்மலே வரலம்மா!" என்றார். ஊரில் இருந்தவரை தும்மியே பாதி ஆயுளைக் கழித்த மனுஷர்! தூரத்தில் வெள்ளையாக மலைமலையாக ஐஸ் தெரிந்தது. பிள்ளைகள் பென்குயின் எங்கே என்று கத்தின. மாமா போனை வாங்கினார்.

"ஏலே, அந்த வெள்ளையெல்லாம் இருக்கட்டும். மண்ணக் காட்டு."

இவர் போனைக் கீழே திருப்பினார். பழுப்பும் கறுப்புமாகப் பாறை, சரளை. நிலையம் இருக்கிற இடத்தில் கோடையில் ஐஸ் மூடாமல் வெறும் பாறைதான். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சரளை. வெள்ளாமைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, திருப்தியாகப் போனை என்னிடம் கொடுத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் இதே வழக்கம் ஆனது. நான் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன், பிள்ளைகள் பென்குயினைக் கேட்பார்கள், மாமா மண்ணைக் கேட்பார். பங்குனி கழிந்தது. அங்கே பகல் சுருங்கச் சுருங்க இங்கே வெயில் ஏறியது. கடைசிக் கப்பலும் போய்விட்டது என்று ஒருநாள் சொன்னார். அன்று நான் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, வீட்டில் நிற்கிற பைக்கின் காலியான பின் சீட்டை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஊருக்கு வந்தேன்.

வைகாசியில் கத்திரி முடிந்தும் வெக்கை விடாத ஒரு மத்தியானம். மாமா முற்றத்து வேப்பமரத்தடியில் சட்டை இல்லாமல் விசிறிக்கொண்டிருந்தார். போன் வந்தது. படத்தில் ஒரே இருட்டு. அங்கே சூரியன் வருவது நின்றுவிட்டது. என்ஜின் ரூமில் இருந்து பேசினார். பின்னால் ஜெனரேட்டர் ஒரே சீராக ஓடுகிற சத்தம். தாடியில் பனி ஒட்டியிருந்தது. குரங்குக் குல்லாவுக்கு மேல் இன்னொரு குல்லா, அதற்கு மேல் ஒரு தொப்பி.

"மண்ணக் காட்டுடா" என்றார் மாமா.

"அப்பா, வெளிய இருட்டுப்பா. பனி வேற மூடிருச்சு. போனை வெளிய எடுத்தா சார்ஜ் செத்துரும். ஒண்ணும் தெரியாது."

 மாமாவின் கையில் விசிறி நின்றது, அவ்வளவுதான். அங்கிருந்து அப்பாவின் முகத்தை இவர் பார்த்திருக்க வேண்டும்.

"இருங்க" என்றார். கதவு திறக்கிற சத்தம், காற்று ஊளையிடுகிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். படம் கறுப்பு. நிலையத்துச் சுவர் ஓரத்தில் பனியைக் காலால் சீய்த்துத் தள்ளுகிற சரக் சரக். பிறகு பூட்ஸ் காலை ஓங்கி மிதித்தார். டக். மறுபடியும். டக், டக்.

"கேக்குதாப்பா? பாறை! கெட்டிப் பாறை!"

மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் வேர்வையோடு வேறு ஒன்றும் வழிந்தது. பிறகு எழுந்தார். போனைத் தரைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்து இறுகிக் கிடந்த முற்றத்தில் வெறுங்காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

"ஏலே, இங்கிட்டும் கேக்குதா?"

"கேக்குதுப்பா!"

வடக்கே போயிருந்தால் எப்போதோ திரும்பி வந்திருப்பார் என்று அந்த நிமிஷத்திலும் நினைத்தேன். நான் நினைக்காமல் இருப்பேனா? போனைத் தரையோடு வைத்து, எனக்காகவும் ஒரு மிதி மிதித்தேன். அது யாருடைய கால் என்று இவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது, அதற்குள் சார்ஜ் போய்விட்டது.